காணிக்கைப் பையில் விழுந்த ஓட்டு

எங்கள் சபையில் யாரும் யாரையும் நேருக்கு நேர் திட்டுவதில்லை. ஜெபத்தில்தான் திட்டுவோம். எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள், நடுவில் எழுந்து மறுத்துப் பேச முடியாது, கடைசியில் ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். இதைவிட வசதியான மேடை எந்த அரசியல்வாதிக்கும் கிடைக்காது. 'ஆண்டவரே, கூடுகைக்கு அரை மணி நேரம் தாமதமாக வருகிற குடும்பங்களை ஆசீர்வதியும்' என்று ஒருவர் மனமுருகி ஜெபித்தால் அந்தத் தபால் யார் வீட்டுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. நானும் பதில் போட்டிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், கேட்டி என்கிற ஊரில். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு நாற்பது தேறும். ஓர் அமெரிக்க சபையின் பின்பக்க ஹாலை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். தனியாகப் போதகர் கிடையாது. பிரசங்கம், ஜெபம், அறிவிப்பு, டீ எல்லாவற்றுக்கும் முறை போட்டு வைத்திருக்கிறோம். பாளையங்கோட்டையிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பை ஒன்று உண்டு. காணிக்கை எல்லாம் இப்போது போனிலேயே போய்விடுவதால், அந்தப் பை வரிசையாகச் சுற்றி வரும்போது அதில் ஜெபக் குறிப்பைத்தான் போடுவோம். ஒரு துண்டுத் தாளில், பேர் எழுதாமல்: விசா நீட்டிப்பு, மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன், மகனுக்கு நல்ல வரன். பேர் இல்லை என்றுதான் பேர். கையெழுத்தைப் பார்த்தால் தெரியாதா?

எங்களிடம் இல்லாதது இன்னொன்றும் உண்டு. தேர்தல். இந்த ஐக்கியத்தைத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஊரில் சபைத் தேர்தலைக் கண்டு நொந்தவர்கள். எங்கள் அப்பா ஒரு முறை கமிட்டிக்கு நின்று நாலு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் அப்பாவின் சொந்த மைத்துனர். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கோவில் வாசலை மிதிக்கவில்லை. தெற்குத் தெருவில் தனிச் சபை கண்டார். அந்த மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, என் கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. இப்படி ஆளுக்கு ஒரு கதை எல்லோரிடமும் இருந்தது. அதனால் இங்கே எதை முடிவுசெய்வதானாலும் திருவுளச் சீட்டுதான். தட்டில் சீட்டைப் போட்டு, ஜெபம் பண்ணி, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். வந்தது ஆண்டவர் சித்தம். யாரும் யாரையும் முறைக்க முடியாது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபத்தெட்டு வயது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரைபடம் போட்டே தலை நரைத்தவர். ஹால் சாவி அவரிடம்தான் இருக்கும். மூன்றரைக்கே வந்து கதவைத் திறந்து, நாற்காலிகளைப் போட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசலில் நிற்பார். நான் கைக்குழந்தையோடு இந்த ஊரில் இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்தவர் அவர்தான். எனக்கு ஃப்ரீவே என்கிற விரைவுச் சாலையில் கார் ஏற்றக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போ போ யோசிக்காத என்று அவர் போட்ட சத்தம் இன்னும் அந்த வளைவில் கேட்கிறது. அப்பா தவறியபோது என் கிரீன் கார்டு பாதியில் நின்றது, ஊருக்குப் போக முடியவில்லை. அண்ணாச்சி தன் வீட்டு கராஜைக் கழுவி விட்டு, அங்கே நினைவுக் கூடுகை வைத்து, வந்த எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். நான் அழுததைவிட அதிகம் அழுதார். இதையெல்லாம் மறந்திருந்தால் சண்டை போடுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அது அதிபர் தேர்தல் வருஷம். செப்டம்பர் கடைசியில் ஹால்காரர்களின் சபையிலிருந்து ஓர் அம்மாள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். வேட்பாளர்களின் பட்டியல். யார் விசுவாசத்தின் பக்கம், யார் இல்லை என்று ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஒரு குறி. கூடுகையில் இதை உங்கள் மொழியில் வாசிக்க முடியுமா, கட்டாயம் ஒன்றும் இல்லை என்றார். நல்ல மாதிரியான பெண்மணி. இரண்டு முறை கட்டாயம் இல்லை என்றார்.

அண்ணாச்சி உடனே வாசித்துவிடலாம் என்றார். அவர் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த நாடு வேதத்தை வைத்து எழுந்த நாடு என்று அவர் நம்புகிறார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் கோவிலை மறந்துவிடுகிறார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், ஆனால் அந்த வலி எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. விசுவாசிகள் ஆண்டால் இதெல்லாம் கொஞ்சமாவது நிமிரும் என்பது அவர் எண்ணம். அதோடு நமக்கு ஹால் கொடுத்தவர்கள் கேட்கும்போது மாட்டேன் என்பது நன்றிகெட்டதனம் என்றார்.

எனக்கோ அந்தத் தாளைப் படித்ததும் சுர்ரென்று ஏறியது. இந்த நாடு நம்முடையது, நம்மவர்கள்தான் ஆள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இதே வாக்கியத்தை ஊரில் வேறொரு மதத்தின் பேரைப் போட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்போது நாம்தான் சிறுபான்மை, நமக்கு அது கசந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்ற ஒரே தைரியத்தில்தான் அப்பா ராத்திரி நிம்மதியாகப் படுத்தார். இங்கே விமானத்தை விட்டு இறங்கியதும் நாம் பெரும்பான்மை ஆகிவிட்டோமாம். உடனே அதே பேச்சு இனிக்கிறதா? என் பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர் இந்துக் குடும்பம். பண்டிகை தவறாமல் எங்களுக்கு முதல் பலகார டப்பா அந்த வீட்டிலிருந்துதான் வரும். ஞாயிறு மாலை அந்தத் தாளை வாசித்துவிட்டு, திங்கள் காலை அந்த வீட்டுக்காரி முகத்தில் எப்படி முழிப்பது? ஓட்டு யாருக்குப் போட வேண்டுமோ போடுங்கள், ஆனால் ஜெபம் பண்ணுகிற இடத்தில் நின்று பட்டியல் வாசிக்காதீர்கள் என்று டீ மேசையில் வைத்துச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஜெபம் அண்ணாச்சியின் முறை. 'அயலாருக்குப் பயந்து சத்தியத்தைச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகளை மன்னியும், ஆண்டவரே' என்றார். நாற்பது குடும்பமும் ஆமென் சொன்னது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு என் முறை. வீட்டிலேயே என் கணவர் எச்சரித்தார், இன்றைக்கு வாயை அடக்கிக்கொள் என்று. தலையாட்டிவிட்டுத்தான் போனேன். எழுந்து நின்று கண்ணை மூடியதும் என்ன வந்ததோ தெரியவில்லை. 'போனில் வருகிறதையெல்லாம் வேதவாக்காக எண்ணி ஊருக்கெல்லாம் அனுப்பிவைக்கிற மூத்தவர்களின் கண்களைத் திறந்தருளும், ஆண்டவரே' என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கே சுருக்கென்றது. கண்ணைத் திறந்து பார்த்தபோது அண்ணாச்சி தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். டீ குடிக்காமல் போய்விட்டார்.

மறு வாரம் மூன்றே முக்காலுக்குப் போனால் ஹால் பூட்டியிருந்தது. அக்டோபர் பாதி தாண்டிவிட்டது, கேட்டியில் வெயில் மட்டும் அசையவில்லை. பட்டுப் புடவையும் பாயசச் சட்டியுமாக எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். நாலு பத்துக்கு மதினி, அண்ணாச்சியின் மனைவி, தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து ஹாலைத் திறந்துவிட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நீ பண்ணின ஜெபம் ஆண்டவருக்குக் கேட்டுச்சோ இல்லையோ, எங்க வீட்டுக்காரருக்கு நல்லாக் கேட்டுச்சு."

அத்தோடு விடவில்லை. பதினைந்து குடும்பங்கள் அவருக்கு போன் பண்ணியிருக்கிறார்களாம், அண்ணாச்சி நீங்கள் தனியாக ஆரம்பியுங்கள், நாங்கள் வருகிறோம் என்று. கராஜில் எத்தனை நாற்காலி போடலாம் என்று அவர் அளந்துகொண்டிருக்கிறாராம். அப்பா அழுதுகொண்டே தெற்குத் தெருவில் கீற்றுக் கொட்டகை போட்டது கண்முன்னால் வந்தது. அதே கராஜ் வேறு. அப்பாவுக்குக் கூடுகை நடந்த கராஜ்.

அன்றைக்கே கூடுகை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். மைக் ஸ்டாண்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசினது தப்பு அண்ணாச்சி, ஆனால் என் எண்ணம் மாறவில்லை என்றேன். அவர் எண்ணமும் மாறவில்லை என்றார். சரி, திருவுளச் சீட்டு போட்டுவிடுவோம் என்றார். வேண்டாம் என்றேன். சீட்டில் என்ன வந்தாலும் ஆண்டவர் தலையில் போட்டுவிட்டு நாம் நழுவிவிடலாம், இது நாம் சொல்ல வேண்டிய பதில், ஓட்டு வைப்போம் என்றேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஓட்டு வச்சா சபை உடையும்மா. ஊர்ல பாத்துட்டுத்தானே வந்திருக்கோம்."

"ஓட்டு உடைக்கல அண்ணாச்சி. தோத்தவங்க உடைச்சாங்க. எங்கப்பாவும்தான்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கு உறைத்தது. அப்பாவைப் பற்றி அதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தோத்தா வருவியா?"

வருவேன் என்றேன். சொல்வதற்கு அரை நிமிஷம் ஆச்சே என்றார். ஆனது உண்மைதான்.

மறு ஞாயிறு ஓட்டு வைத்தோம். கேள்வி ஒன்றே ஒன்று: இந்தத் தாளைக் கூடுகையில் வாசிக்கலாமா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பெட்டி வேண்டுமே என்று பேசி, கடைசியில் காணிக்கைப் பையையே சுற்றி விடலாம் என்று முடிவானது. அங்கேதான் கோட்டை விட்டோம்.

எண்ணுவதற்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்த என் மகளையும் இன்னொரு பெண்ணையும் உட்காரவைத்தோம். ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே வந்தவர்கள் நடுவில் நின்றுவிட்டார்கள். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். "அம்மா, திஸ் ஒன் இஸ் லாங்" என்று ஒரு சீட்டை என்னிடம் நீட்டினாள். பிரித்தால் ஜெபக் குறிப்பு. பதினேழு வருஷப் பழக்கம், கையில் துண்டுத் தாள், எதிரே வெல்வெட் பை. ஆறு பேர் ஆம் இல்லை என்பதை மறந்துவிட்டு ஜெபக் குறிப்பை எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை குறைய வேண்டும். ஒருவருக்கு வீடு விற்க வேண்டும். என் கையில் இருந்த சீட்டில், 'என் மனைவிக்கும் அண்ணாச்சிக்கும் சமாதானம் உண்டாகும்படி' என்று இருந்தது. இருபத்துமூன்று வருஷமாக மளிகைச் சீட்டில் நான் பார்க்கிற கையெழுத்து. தலை நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம் இருபத்தேழு. இல்லை இருபத்தாறு. செல்லாதவை ஆறு.

உடனே என் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, ஒரு ஓட்டு வித்தியாசம், ஆறு ஓட்டு செல்லவில்லை, மறுபடி வைக்க வேண்டும் என்றார். நாலைந்து குரல்கள் ஆமாம் என்றன. எதிர்ப்பக்கம் அதெப்படி என்று எழுந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஓட்டு கேட்டவள் நான்தானே. எனக்குக் கணக்கு நன்றாக வரும், அதுதான் என் வேலையே. அந்த ஆறில் என் கணவருடையது எனக்கு. இன்னும் மூன்று கையெழுத்துகள் யாருடையவை என்று தெரியும், அவர்களும் என் பக்கம். மறுபடி வைத்தால் நான் ஜெயிப்பேன். கேட்பதும் நியாயம்தான், யாரும் தப்புச் சொல்ல முடியாது.

அண்ணாச்சி வாசல் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டு எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை. மறுபடி ஓட்டு என்று நான் வாயைத் திறந்தால், அதில் நான் ஜெயித்தால், மூன்றாவதாக ஒன்று வை என்று அவர் பக்கம் கேட்கும். இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெற்குத் தெருவில் போய் நிற்கும். ஓட்டுக்கு முன்னால் விதியைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, எழுதத் தெரியாமல் எழுதியது எங்கள் தலையெழுத்து.

எழுந்து நின்றேன். "எண்ணினது எண்ணினதுதான். நாங்க தோத்துட்டோம். அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்றேன். நீளமாக ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் உட்கார்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு லேசாக இருந்தது. பல வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த மூட்டையைக் கீழே வைத்த மாதிரி. தோற்றால் இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. காரில் ஏறியதும் என் கணவரை ஒரு பிடி பிடித்தேன், அது வேறு விஷயம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது. காரணம், அறிவிப்பு வாசிக்கிற முறை அந்த வாரம் என்னுடையது. அந்தத் தாளை நானே என் வாயால் வாசிக்க வேண்டும். தலைவலி என்று சொல்லிவிடலாமா, வேலை என்று சொல்லிவிடலாமா என்று ஆயிரம் யோசனை. வருவியா என்று கேட்டபோது அரை நிமிஷம் எடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. போனேன். மூன்று ஐம்பதுக்கு ஹால் திறந்திருந்தது, நாற்காலிகள் போட்டிருந்தன. என் காரைப் பார்த்ததும் வாசலில் நின்ற அண்ணாச்சி சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அறிவிப்பு நேரம் வந்ததும் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து தாளைக் கேட்டு வாங்கினார். நான் வாசிக்கிறேன், நீ உட்காரு என்று மெல்லச் சொன்னார். முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரை, ரயில் நேரம் அறிவிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் அழுத்தவில்லை. முடித்துவிட்டு, இது அவர்கள் யோசனை, ஓட்டு உங்களுடையது, ஜெபம் பண்ணிவிட்டு உங்கள் மனசாட்சிப்படி போடுங்கள் என்றார். பிறகு ஜெபம் பண்ணினார். அதிபருக்காக, ஆளுநருக்காக, தேர்தல் வேலை பார்க்கிறவர்களுக்காக, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக. நான் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டேன். எனக்கென்று தபால் எதுவும் வரவில்லை.

அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அண்ணாச்சியும் நானும் ஒரே காரில் போய் ஓட்டுப் போட்டோம், உன்னோடதும் என்னோடதும் கழிஞ்சிடும், பெட்ரோல்தான் தண்டம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த நாடு நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பெரிய இடத்தில் தோற்பவர்கள் மறு ஞாயிறு வருவார்களா, ஜெயிப்பவர்கள் தாளைத் தாங்களே வாங்கிக்கொள்வார்களா என்பது என் கையில் இல்லை. நான் பார்த்த ஹாலைப் பற்றி மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

தாள் வாசித்த அன்றைக்கு டீ நேரத்தில் அண்ணாச்சி இரண்டு டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

"நானா இருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றார்.

பாக்கெட்டிலிருந்து ஹால் சாவியை எடுத்தார். தனிச் சாவி. போன ஞாயிறு ஓட்டுக்கு முன்னால் கொத்திலிருந்து கழற்றி வைத்துக்கொண்டாராம், தோற்றால் மேசை மேல் வைத்துவிட்டு அப்படியே வெளியே போய்விடலாம் என்று. கழற்றும்போது சுலபமாக வந்துவிட்டது, மாட்டத்தான் வரவில்லை, ஒரு வாரமாகப் பார்க்கிறேன் என்றார். வீட்டுச் சாவியும் கார் சாவியும் தொங்கிய வளையத்தை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு நகம் இல்லம்மா. நீ மாட்டிக் குடு."

வளையம் இறுக்கமாகத்தான் இருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் நெம்பிப் பிடித்து, சாவியை இரண்டு சுற்று தள்ளி, மாட்டிக் கொடுத்தேன்.